ஏடன் கல்லும் கெலிஓயா மாப்பிள்ளையும்

மஹய்யாவ, கண்டி
12.8.1934

அன்பு மகன் முஹ்ஸினுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், வாப்பாவின் இருமல் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் அந்த வெயிலில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உன் தங்கச்சி ஜெஸீமா, எழுத்து அழுத்தமாக இருந்தால் பேனாவைக் குறை சொல்லாதே.

நீ அனுப்பிய இரண்டு கறுப்புக் கல்லும் வந்தன. மகன் ஏடனிலிருந்து அத்தர் அனுப்புவான் என்றிருந்த அக்கம்பக்கத்துக்குக் கல்லைக் காட்டினேன், எனக்கு நல்ல மதிப்பு. ஆனாலும் நீ எழுதியதை ஜெஸீமா மனப்பாடம் செய்துவிட்டாள். நெருப்பு மலை கக்கிய குழம்பு சீக்கிரம் ஆறினால் கல்லில் மணிமணியாக எதுவும் தெரியாது, உடைத்தாலும் ஒரே கறுப்பு, கை கனக்கும், காற்று அடைபட்ட இடமெல்லாம் அப்பம் மாதிரி ஓட்டை, நம்ம கண்டிக் கருங்கல்லில் வெள்ளை வரியும் காக்காய்ப்பொன் மினுக்கமும் இருக்கும் என்று. ஏடனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கறுப்புதான் என்றும் நீதான் எழுதினாய்.

போன ஞாயிறு ஜெஸீமாவுக்கென்று நீ சிபாரிசு செய்த மாப்பிள்ளை நளீர் கெலிஓயாவிலிருந்து வந்தார். ஏடனில் மூன்று வருஷம் உன்னோடு ஒரே அறையில் இருந்த தங்கமானவர் என்று எழுதினாயே, அவர்தான். நான் இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தேன். ஜெஸீமா யாரையும் கேட்காமல் ஒரு தட்டில் உன் கல் இரண்டையும், றோட்டுக்குக் கொட்டியிருந்த கருங்கல் சல்லியில் ஒன்றையும் வைத்து அனுப்பிவிட்டாள். எது ஏடன் கல் என்று வாப்பா விளையாட்டாகக் கேட்டார், நான் திரைக்குப் பின்னால் நின்றேன். அந்த மனிதர் மினுங்குகிற றோட்டுக் கல்லை எடுத்து, மாமா, இதுதான், மூணு வருஷமா நான் மிதிச்ச கல்லு என்றார். ஓட்டைக் கல்லைக் கொல்லன் உலையில் கழித்துப்போட்ட கிட்டம் என்று தள்ளி வைத்தார். வட்டிலப்பத்தை மட்டும் சரியாக அடையாளம் கண்டார், இரண்டு தரம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நீ ஒரு மலையையே மறைக்கப் பார்த்தாய். முஹ்ஸின் சொன்னால் போதும் என்று யாரையும் விசாரிக்காமல் வெள்ளிக்கிழமை வாக்குக் கொடுக்க இருந்தவர் வாப்பா. இல்லையென்று கெலிஓயாவுக்கு ஆள் அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு வாப்பா உன் பேரை எடுக்கவில்லை, எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. யார் முகத்துக்காக இப்படிச் சாட்சி சொன்னாய் என்று வாப்பாவுக்கே எழுது. தன் நானா இனிக் கல் அனுப்பினால் போதுமாம், மாப்பிள்ளை அனுப்ப வேண்டாமாம், உன் தங்கச்சி சொல்கிறாள். ஓட்டைக் கல் எனக்குக் குதிகால் தேய்க்க உதவுகிறது.

தொழுகையை விடாதே, வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான நாக்கையும் தரட்டும். கல்லைப் பற்றி நீ எழுதியதெல்லாம் உண்மை, மகனே. தங்கச்சியின் வாழ்க்கைக்குத்தான் பொய் எழுதினாய்.

இப்படிக்கு,
உன் உம்மா
மஸீனா