தொப்பி இல்லாத படம்

என் செல்லத்துக்கு,

அண்ணன் கீனன் போய் ஒரு வருடமாகிவிட்டது. நேற்று அவன் முகம் அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நம் பால்டிமோர் தெருவே திரண்டு அவன் நினைவாக வானத்தில் பலூன் விட்டது. அவனைச் சுட்டுக் கொன்றவன் யாரென்று போலீசுக்கு இன்னும் தெரியவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர்களில் அவனும் இருந்தானோ?

டி-ஷர்ட் அடித்துக் கொடுத்த ரஸ்ஸல், "தொப்பி மறைக்காத படம் ஒண்ணுகூடக் கிடைக்கலையே அக்கா! சின்னவனையாவது நல்லதா ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க" என்றான். வாயில் வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

நீ அட்லாண்டாவில் சித்தி வீட்டிலேயே இரு. கிறிஸ்துமஸுக்கும் வராதே.

அப்புறம், நீலச் சட்டை போட்டு, தொப்பி இல்லாமல், சிரித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பு. எதற்கென்று சித்தி கேட்டால், அம்மாவுக்குச் சும்மா பார்க்கணுமாம் என்று சொல்.

அம்மா