சவ்வில் ஒட்டியது

குண்டூர் நாடு, கொல்லிமலை
24.1.2025

அன்புள்ள கண்ணு பூங்குழலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். குளிருக்கு அவள் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். ஹாம்பர்க் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் நீ கேட்டபோதெல்லாம் தண்ணீர்ப் பிரச்சினை சரியாகிவிட்டது என்றேன். அது உண்மைதான், ஆனால் முழுவதும் இல்லை. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் ஊருக்கு வைத்த குடிநீர் ஃபில்டரை நீ பார்த்ததில்லை. ஓடைத் தண்ணீர் மணல் தொட்டியில் இறங்கி, ஆளுயரக் குழாய்களுக்குள் போகிறது. குழாய்க்குள் நூல் போன்ற வெள்ளை இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் சுவர்தான் சவ்வு. தண்ணீர் அதன் வழியே கசிந்து உள்ளே போகும், அழுக்கு வெளியே நின்றுவிடும். முன்னும் பின்னும் அழுத்தம் காட்டும் இரண்டு மீட்டர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் சவ்வு அடைக்கிறது என்று அர்த்தம். மெஷினை ஓட்டுவது கீழ்வீட்டுப் பொன்னாயி. வேதியியல் வாத்தியாராக இருந்தவன் என்று நோட்டு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி, ஒரு நாளும் தவறவில்லை.

வித்தியாசம் வழக்கமாக 0.3 பார் அளவுதான் இருக்கும். மார்கழி பிறந்ததிலிருந்து ஏறி 1.1 ஆனது, பிறகு குழாயில் சொட்டுதான் வந்தது. பெண்கள் மறுபடி ஊற்றுக்குக் குடம் தூக்கினார்கள். பொன்னாயி தண்ணீரைத் திருப்பிவிட்டு மெஷினைச் சரியாகக் கழுவுவதில்லை என்று பேச்சு வந்தது. ராசு ஒரு நாள் எல்லார் முன்னாலும், "அடுப்பு ஊதற கையில மெஷினைக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்" என்றான். அவள் விடவில்லை. "ஏனுங்க, நீங்கதான் வந்து பட்டனை அமுக்குங்களேன், தண்ணி வந்தா நானே சாவியக் குடுத்துடறேன்" என்றாள். பத்தொன்பதாம் தேதி கூடும் ஊர்க்கூட்டத்தில் சாவியை வாங்கி வேறு ஆளிடம் கொடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவள் தினமும் கழுவியது என் நோட்டில் இருந்தது. அதையாவது நான் சொல்லியிருக்கலாம்.

பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, சேலத்திலிருந்து யுவராஜ் என்ற மெக்கானிக் வந்து ஒரு குழாயைத் திறந்தார். இழைகளைத் தொட்டுப் பாருங்க சார் என்றார். "இது மண்ணில்லீங்க. மண்ணா இருந்தா தண்ணியத் திருப்பி விட்டதுமே போயிருக்கும். ஏதோ தண்ணியில கரைஞ்சு வந்து பசையாட்டம் புடிச்சிருக்குது" என்றார். தொட்டேன். அன்று காலை ஓடையில் காபிக் கொட்டை கழுவியபோது என் விரலில் இருந்த அதே வழவழப்பு. உனக்குத் தெரியும், திங்களும் வியாழனும் பழத்தைத் தோலுரித்து, இரவு தொட்டியில் புளிக்கவைத்து, மறுநாள் கழுவுவோம். நான் கழுவும் இடம், ஃபில்டருக்குத் தண்ணீர் எடுக்க ஓடையில் கட்டிய தடுப்புக்கு மேலே. தண்ணீர் தெளிவாகத்தான் போகும், அதனால் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மட்டும் எண் துள்ளியிருந்தது. ஒருவேளை தற்செயலாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னும் நான்கு செவ்வாய், வெள்ளி பார்த்துவிட்டுப் பேசலாம் என்றும் நினைத்தேன். அதற்குப் பயம் என்று பெயர் வைக்காமல் முறை என்று பெயர் வைத்தேன். நடுவில் பொங்கல் வந்தது. பொன்னாயி வாசலில் பானை வைத்தபோது யாரோ, தண்ணீர் எங்கே பிடித்தாய் என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் கேட்டுக்கொண்டே நடந்து போனேன்.

கூட்டத்தில் நோட்டை வாசித்தேன். செவ்வாய், வெள்ளி மேலே கழுவியது நான்தான் என்றேன். குழந்தைசாமி, "அப்ப வாத்தியாரு ஊட்டுக் காபிய ஊரே குடிச்சிருக்குது, டம்ளருதான் வரல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து இன்னும் மூன்று வீட்டார் நாங்களும் அங்கேதான் கழுவுகிறோம் என்றார்கள். ராசுவும் அதில் ஒருவன். பொன்னாயி மட்டும் சிரிக்கவில்லை. "நோட்டு உங்ககிட்டத்தானுங்களே சார் இருந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடியே தெரியுங்களா?" என்றாள். தெரியும் என்றேன். ஒப்படைப்பதற்காகப் பலகையில் வைத்திருந்த சாவியை அவள் எடுத்துக்கொண்டு மெஷின் அறையைத் திறக்கப் போய்விட்டாள்.

யுவராஜ் மறுநாள் வந்து காரச் சோடாவிலும் குளோரினிலும் இழைகளை ஊறவைத்துக் கழுவினார். இப்போது தண்ணீர் வருகிறது. ஆனால் வித்தியாசம் 0.5க்குக் கீழே இறங்கவில்லை. துளைக்குள் போய் நாளானது முழுக்க வராது, உடனே கழுவியிருந்தால் இன்னும் வந்திருக்கும் என்றார். மிச்சம் 0.2இல் என் ஒன்பது நாள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நோட்டில் 0.5 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது நாலு வீடும் அண்டாவில் கழுவி, அந்தத் தண்ணீரைக் குழியில் ஊற்றுகிறோம்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் அன்றே சொல்லிவிடு, இதை அப்பா புத்திமதியாகச் சொல்லவில்லை. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். காபித்தூள் பார்சல் செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன், கிடைத்ததும் தகவல் சொல். பொன்னாயிக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மெஷின் அறை அலமாரி மேல் வைத்தாள். இன்று காலை ஏழு மணிக்கு எண் எழுதப் போனபோது அது அங்கேயே, கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

அன்புள்ள அப்பா,
அண்ணாமலை