கால் ஊன்றாத எட்டு

இன்று காலை உன் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டியதும் உன் வாசனை வந்துவிட்டது. தேங்காய் எண்ணெயும் வியர்வையும் காய்ந்த மல்லிப்பூவும் கலந்த வாசனை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் உள்ளே இருக்கும் பஞ்சில் அது அப்படியே இருக்கிறது. உன் வண்டியோடு இதையும் கொடுத்தபோது, துவைத்துத் தரட்டுமா என்று உன் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்று வெடுக்கென வாங்கிக்கொண்டேன். பாவம், அவர் என்ன நினைத்தாரோ.

மாட்டிய வேகத்தில் கழற்றியும் விட்டேன். இன்று எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

கட்டிலுக்கு அடியில், ஊர் ஊராகப் போய் விற்க ஒரு மூட்டை நைட்டி இருக்கிறது. உன் யோசனைதான், நீ இல்லாமல் நான் எடுத்து வந்தது. லைசென்ஸ் கைக்கு வந்தால் ஜவுளிக்கடை முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொல்வது, வராவிட்டால் வாயைத் திறக்காமல் வழக்கம்போல் புடவை மடிக்கப் போய்விடுவது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீ இருந்திருந்தால் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்திருப்பாய்.

செஞ்சி கடைத்தெருவில் அந்த ஜவுளிக்கடையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த நாளில், வண்டி ஓட்டக் கற்கலாம் என்று முதலில் சொன்னவள் நீ. விரித்த புடவையை மடித்துக்கொண்டே கிசுகிசுத்தாய். “பஸ்ஸே போவாத ஊருங்க எவ்ளோ இருக்குது. நாம ரெண்டு பேரும் நைட்டி எடுத்துட்டுப் போனா வாசல்லயே வாங்குவாங்கடி.”

எனக்குக் கேட்டதுமே வியர்த்தது. யாரும் வாங்காவிட்டால்? நடுவழியில் வண்டி நின்றுவிட்டால்? நாய் துரத்தினால்? சைக்கிளையே தொடவிடாத நைனாவுக்குப் பிறந்தவள் நான். மலைமேல் தொற்றிக்கொண்டு நிற்கும் பாறைகள் உருண்டு வந்துவிடும் என்று சின்ன வயதில் கோட்டைப் பக்கம் போகவே அழுவேன். அதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

“நீ பயந்துக்கிட்டே இருக்கறதாலதான் அதுங்க வுழாம நிக்குதுங்களா?” என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டாய்.

முதல் டெஸ்டுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். எட்டு போட வேண்டும், கால் தரையில் படக் கூடாது. நான் முதல் வளைவிலேயே காலை ஊன்றி, பத்திரமாக நின்று, பத்திரமாக ஃபெயில் ஆனேன். நீ இரண்டாவது வளைவு வரை போய் வண்டியோடு கவிழ்ந்தாய். கூட்டமே சிரித்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, ஃபெயிலானவர்களை எல்லாம் எதிரே இருந்த கரும்புச்சாறு வண்டிக்கு இழுத்துப் போனாய். ஜெயித்தவர்கள்தானே வாங்கித் தர வேண்டும், நமக்கென்ன வந்தது என்று நான் பல்லைக் கடித்தேன்.

“பாஸானவன் வூட்டுக்கு ஓடிட்டான். வுழுந்தவங்கதான இங்க நிக்கறோம். நாமதான் குடிக்கணும்.”

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ இன்னொன்றும் சொன்னாய். “நீ வுழுந்து ஃபெயிலாவல. வுழறதுக்கு முன்னாடியே காலை ஊனிட்ட.” கோபத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மை என்பதால்தான் கோபம்.

அதன் பிறகு நீ மறுபடி போனாய், மறுபடி ஃபெயில் ஆனாய், அப்புறம் பாஸானாய். எனக்கு ஒவ்வொரு முறையும் தலைவலியோ காய்ச்சலோ வந்துவிடும். நீ கடையை விட்டு நின்றாய். ஆடி மாதம், அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த ஊருக்குக் கருப்பும் கருநீலமுமாக மூட்டை கட்டிக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? ஊரே மஞ்சள் உடுத்தி விரதம் இருக்கிற நேரம். ஒருத்தியும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் அன்றோடு மூட்டையைப் பரண்மேல் போட்டிருப்பேன். நீ அடுத்த வாரமே மஞ்சளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போய், வெறும் பையோடு திரும்பினாய்.

அப்புறம்தான் வயிற்றில் வலி என்றாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது பேசவே உனக்கு மூச்சு வாங்கியது. அப்போதும் கேட்டாய். “எட்டு போட்டியா?”

“இன்னும் இல்லடி.”

“போய் வுழுந்துட்டு வா.”

இன்று மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது கை வியர்த்து ஆக்சிலேட்டர் வழுக்கியது. முதல் வளைவில் இடதுகால் தானாக வெளியே நீண்டது. ஹெல்மெட்டுக்குள் உன் எண்ணெய் வாசனை. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். முதல் முறையாக அந்த வளைவைத் தாண்டினேன். இரண்டாவது வளைவில், நீ விழுந்த அதே பக்கம், வண்டியோடு சாய்ந்தேன்.

“எழுந்துக்கம்மா, அடி கிடி பட்டுச்சா?” என்றார் ஆபீசர். “அடுத்த தேதி வாங்கிட்டு வா.”

முழங்கால் தோல் உரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் கால் ஊன்றிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு கரும்புச்சாறு வண்டிக்குப் போனேன். நம் காலத்து ஆள்தான் இன்னும் பிழிந்துகொண்டிருக்கிறார். உன்னைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று தலையைக் குனிந்தபடியே குடித்தேன்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன்.

“டெஸ்டு இன்னாச்சும்மா?” என்றார் முதலாளி.

“வுழுந்துட்டேண்ணே.”

“செரி வுடு. போய் மேல் தட்டை அடுக்கு.”

தப்பிக்க அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்காது. மேல் தட்டை அடுக்கப் போயிருந்தால் இந்த ஜென்மத்துக்கும் அடுக்கிக்கொண்டே இருக்கலாம்.

“இல்லண்ணே. இந்த மாசத்தோட நின்னுக்கறேன்.”

“லைசென்ஸே வரலியே. இன்னா பண்ணுவ?”

“வர்ற வரிக்கும் பஸ்ஸு போற ஊருங்களுக்கு நைட்டி எடுத்துட்டுப் போவேண்ணே. மொத ஊரு மேல்சித்தாமூரு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேஜையைப் பிடித்துக்கொள்ளக் கை தானாக நீண்டது. பிடிக்காமலே நின்றேன்.

இப்போது சாயங்காலம். பயம் கொஞ்சமும் குறையவில்லை, உன்னிடம் எதற்குப் பொய். யாரும் வாங்காவிட்டால் என்ன செய்வேன் என்ற கேள்வி வயிற்றுக்குள் அப்படியேதான் இருக்கிறது. மஞ்சள் நைட்டிகளை மட்டும் மூட்டையின் மேலே எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கும் மேலே உன் ஹெல்மெட். அதைத் துவைக்கப் போவதில்லை. முழங்கால் எரிகிறது.

போய் விழுந்துவிட்டு வந்துவிட்டேன்டி.