ஐந்தாம் ஸ்தலம் நம் வாசலில்தான்

இயேசு மரி சூசை துணை
சுங்குவார்சத்திரம்

அன்பு மகன் இருதயராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நன்றாகவே நடமாடுகிறேன், படியேறும்போது முழங்கால்தான் முனகுகிறது. மஸ்கட்டில் நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி.

மாடி ரூமில் இருக்கிற முஸ்லிம் பையன்களைக் காலி செய்யச் சொல், எதற்கு வம்பு என்றாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ முஸ்லிம் நாட்டில் சம்பாதிக்கிறாய், அங்கே லீவு என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வெள்ளிக்கிழமையே பார்க்கிறாய், உன்னை யாராவது காலி செய்யச் சொன்னார்களா. பீர் முகமதுவும் அவன் தம்பியும் கடையநல்லூரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். இந்த வருஷம் நம் தவக்காலமும் அவர்கள் நோன்பும் சேர்ந்தே வந்தன. விடியுமுன் நான் அவர்களுக்குச் சோறு வைத்தேன். தவக்காலத்தில் நான் கறி தொடமாட்டேன் என்று தெரிந்து, பள்ளிவாசலில் கறி போடாமல் கஞ்சி காய்ச்சுகிற நாளில் மட்டும் தூக்குவாளியில் எனக்கு வாங்கி வருவார்கள். நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தின் தலைவர் சூசைமாணிக்கத்துக்கு இதுதான் பொறுக்கவில்லை. பெரிய வெள்ளி சிலுவைப்பாதை ஊர்வலத்தில் ஐந்தாம் ஸ்தலம், சீமோன் சிலுவை சுமக்க உதவுகிற இடம், உன் அப்பா காலத்திலிருந்து நம் வாசலில்தான் நின்று ஜெபிப்பார்கள். பையன்களை அனுப்பாவிட்டால் அதை அடுத்த தெருவுக்கு மாற்றிவிடுவோம் என்று வீட்டுக்கே வந்து சொன்னார். ஸ்தலம் என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டேன், காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

பெரிய வெள்ளியன்று வழக்கம்போல வாசலில் மேசை போட்டு, துணி விரித்து, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை வைத்துவிட்டு மெழுகுத்திரி வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பீர் முகமது ஷிப்ட் முடிந்து வந்து, பெரியம்மா வீட்டுப் பண்டிகை என்று மேசையைச் சுற்றிக் கலர் சீரியல் பல்பு கட்டி எரியவிட்டிருக்கிறான். அவன் தம்பி கையில் கேக்கோடு ஹேப்பி குட் ஃப்ரைடே பெரியம்மா என்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இன்று ஆண்டவர் இறந்த நாளடா என்றதும் இருவர் முகமும் சுண்டிப்போய், அவிழ்க்க ஓடினார்கள். அவிழ்க்க வேண்டாம், அணைத்து மட்டும் வையுங்கள் என்றேன். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. பார்த்தீர்களா சாமி, இந்த வீட்டு லட்சணத்தை என்று சூசைமாணிக்கம் பங்குச் சாமியாரிடம் சொல்லிக்கொண்டே எல்லோரையும் நம் வாசலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடம் போகாதவள், ஜெபப்புத்தகத்தை எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றவள். மைக் இல்லாமல் வாசல் கேட் அருகே நின்று ஐந்தாம் ஸ்தலத்தை வாசித்தேன். சீமோனும் வழியில் போன வெளியூர்க்காரன்தான், அவன் யார் எவன் என்று விசாரித்தா சிலுவையைக் கொடுத்தார்கள் என்றும் சொன்னேன், அது புத்தகத்தில் இல்லை. முதலில் சாமியார் திரும்பி வந்து முழந்தாளிட்டார், பிறகு தெருவே முழந்தாளிட்டது. வெள்ளை வேட்டியோடு சூசைமாணிக்கமும்தான். பையன்கள் மாடிப்படியில் தலைகுனிந்து நின்றார்கள். உன் அப்பா இருந்திருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

ஆகவே மாடி ரூம் காலியாகாது, லீவுக்கு வந்தால் நீ ஹாலில் படுத்துக்கொள். என் சார்பில் சூசைமாணிக்கத்திடம் போனில் மன்னிப்புக் கேட்டாயாமே, அதை மறக்காமல் வாபஸ் வாங்கு. பிள்ளைக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடு, வெயிலில் தொப்பி போடு. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அந்த சீரியல் பல்பை உயிர்ப்பு ஞாயிறு விடியலில் பீர் முகமதுவையே போடச் சொன்னேன். இன்னும் எரிகிறது, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பும்போதே நம் வீடு தெரிகிறது.

உன் அம்மா,
ராஜம்மா