சோதனைக்கு வைத்த பெயர்

நண்பா, இன்று காலை நம் மரண சகாய சங்கத்தின் இணையத்தளம் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. பொத்தானை அழுத்தியதும் இரங்கல் பகுதி மட்டும் வெறுமையாக நின்றது. பக்கத்து ஊரான காப்பாரில் ஓர் அக்கா, இறந்துபோன கணவரின் அறிவிப்புக்காகக் காத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் சொந்தபந்தம் வந்து சேரவேண்டும். பகுதியைக் கழற்றி மீண்டும் மாட்டினேன். இனி ஒரு பெயரைப் போட்டுச் சோதிக்க வேண்டும். அங்கேதான் கை நின்றது, உன் நினைவு வந்தது.

சங்கத்துக்குத் தளம் அமைக்கும் மென்பொருளைக் காட்ட, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாயே. "ஃப்ரீ லா! யாரு வேணும்னாலும் உள்ள திறந்து பாக்கலாம், மாத்தலாம். வேணுங்கிற பகுதிய மாட்டிக்கோ, வேணாம்னா கழட்டிப் போடு." கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலிலேயே இரங்கல் பகுதியை மாட்டிவிட்டாய்.

சோதிக்க யார் பெயரைப் போடுவது என்று அன்றும் முழித்தோம். உயிரோடிருப்பவர் பெயரை அங்கே போட நம்மவர் யாருக்கு மனம் வரும்? சும்மா ஒரு பெயரைப் போடு என்றேன்.

"எந்தப் பேரப் போட்டாலும் நம்ம கிள்ளான்ல ஒருத்தன் இருப்பான்டா" என்று சிரித்து, உன் பெயரையும் படத்தையும் போட்டாய். தகனம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்று தட்டினாய். அழகாக வந்தது. "அழிச்சிடுடா" என்றேன். "அப்புறம் பாத்துக்கலாம் லா" என்றாய்.

நெஞ்சுவலியில் நீ போனபோது அறிவிப்பை எழுத என்னிடம்தான் சொன்னார்கள். உள்ளே போனால், வெளியிடாத வரைவில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். தகனத்துக்கு எப்போது இடம் கிடைத்தது என்று உன் அண்ணனைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமதான் இருக்காம்பா, மூனு மணிக்கு" என்றார். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வெளியிட்டேன். அழிக்க மறந்த உன்மேல் கோபம்தான் வந்தது.

இன்று உன் பெயரையே போடலாமா என்று பார்த்தேன். உனக்கு இனி என்ன ஆகப்போகிறது? மனம் ஒப்பவில்லை. என் பெயரைப் போட்டேன். படிவம் தகனக் கிழமையைக் கேட்டது; அது இல்லாமல் சேமிக்க மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தட்டினேன். பகுதி ஒழுங்காக வேலை செய்தது, அக்காவின் கணவர் அறிவிப்பும் ஏறியது. "எல்லாரும் பாத்துட்டாங்க தம்பி" என்று அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னார்.

பிறகு என்னுடையதை அழிக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. நீ மறக்கவில்லை. உனக்கு இரங்கல் எழுதும் கொடுமையை எனக்கு வைக்காமல் போயிருக்கிறாய். கிழமையும் நேரமும் உனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் விளங்கவில்லை.

என்னுடையதை அழிக்கவில்லை. அதுவும் வரைவில் கிடக்கிறது. அதில் என்ன கிழமை விழுந்தது என்று திறந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.