மேரி டீச்சர் சொன்னால்தான்

மரக்காணம்
13.3.2006, திங்கள்

அன்புள்ள மேரிசெல்விக்கு,

மலர்கொடி எழுதுவது. உன் நலம் கேட்கப் போவதில்லை. புதன்தோறும் எங்கள் கணினி மையத்துத் திரையில் பார்க்கிறேனே, நன்றாகத்தான் இருக்கிறாய். போன வாரம் நீ கட்டியிருந்த மஞ்சள் சேலைக்கு இங்கே இன்னும் பேச்சு ஓயவில்லை. சற்று முன் உன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். நீ வார்டில் இருப்பதாகவும் சாப்பாட்டு வேளையில்தான் மெயில் பார்ப்பாய் என்றும் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் என் அண்ணி தையல்நாயகியைப் பற்றியது. கர்ப்பிணிகளுக்கான உன் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, நீ என்ன சொன்னாலும் தலையாட்டுவாளே, அவள்தான். எட்டாவது மாதம். நாலைந்து நாளாகக் கையும் காலும் முகமும் வீங்கியிருக்கின்றன. வளையல் கழலவில்லை. தலைவலி என்கிறாள், கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாள். எல்லாம் நீ வகுப்பில் சொன்னவைதான். அதை நினைவுபடுத்தினால் சிரிக்கிறாள். உப்பளத்து வேலையில் நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்றால் கால் ஊதத்தான் செய்யுமாம். வெள்ளை உப்பில் வெயில் அடித்தால் தலை வலிக்காமல், கண் கூசாமல் இருக்குமா என்கிறாள். "டீச்சர் சொன்னது தண்ணில நிக்காதவங்களுக்கு. உனக்கின்னா தெரியும் மலரு, நீ பாத்தியில எறங்கினதே இல்ல" என்றாள். அண்ணன் இருசப்பனுக்கும் அதே எண்ணம்தான்.

இன்று காலை கெஞ்சிக் கூத்தாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். இரத்த அழுத்தம் மிக அதிகம், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, உடனே புதுச்சேரிக்குப் போங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அண்ணி நேராக வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். "பொதங்கெழமை மேரி டீச்சரைக் கேக்கறேன். அவங்க சொன்னா போறேன்" என்கிறாள். நான் அழுதும் பார்த்துவிட்டேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பிளஸ் டூவில் நம் இருவருக்கும் ஒரே மதிப்பெண். உன்னை நர்சிங் சேர்க்க உன் அப்பா சென்னைக்குக் கூட்டிப் போனார். வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று என் அப்பா திண்டிவனத்தில் வரலாறு படிக்க வைத்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி இப்போது உன் வகுப்புக்குப் பாய் விரிக்கிறாள், கேமராவைத் திருப்புகிறாள். இணைப்பு அறுந்தால், "இன்னாம்மா, டீச்சரைத் தொரத்திட்டியா?" என்று பாப்பாத்தி அக்கா என்னைத்தான் ஏசுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்பதால் உன் கண்ணுக்கும் நான் படுவதில்லை. அண்ணியோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே பானைச் சோறு தின்கிறவள் நான். மூன்று மாதமாகத் திரையில் மட்டும் பார்த்த உன் வார்த்தைதான் அவளுக்கு வேதம்.

அது இருக்கட்டும். புதன்கிழமை வரை தாங்காது, மேரி. இதைப் படித்ததும் மையத்துக்குப் போன் பண்ணிவிட்டுத் திரையில் வந்துவிடு. டீச்சர் இன்றைக்கே வகுப்பு வைக்கிறார் என்று சொன்னால் அண்ணி எழுந்து வருவாள். நடக்க விடமாட்டேன், வாடகை வேனில் கூட்டி வருகிறேன். அதே வேன் வாசலிலேயே நிற்கும். அண்ணனும் இருப்பான். கையைக் கேமராவில் காட்டச் சொல். டாக்டரிடம் காட்டினாயா, என்ன சொன்னார் என்று நீயே கேள். உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கும் இது ஆபத்துதான் என்று அழுத்திச் சொல். நான் எழுதியதை மட்டும் சொல்லிவிடாதே. நான் சொல்லிக்கொடுத்து நீ பேசுகிறாய் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவாள்.

பெண் பிறந்தால் செல்வி என்று உன் பெயரைத்தான் வைப்பாளாம். வைக்கட்டும். நாளெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் தயார். சீக்கிரம் வா.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
மலர்கொடி