அணைத்துப் பார்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆசிரியர் அறைக் கதவில் ‘பழுது. பக்கத்துக் கதவைப் பயன்படுத்தவும்’ என்று எழுதி ஒட்டினேன். பக்கத்துக் கதவு, துடைப்பம் வைக்கிற அறையுடையது. கணக்கு வாத்தியார் உள்ளே போய்விட்டு வெளியே வந்தார். வரலாற்று டீச்சர் போய்விட்டு வந்தார். இருவரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தலைமையாசிரியை போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் அதைவிடப் பெரிய கூத்து. விலைவாசி ஏறுகிறது, ஆலைகள் மூடுகின்றன, நிதியமைச்சருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆகவே கணினிக் கம்பெனி முதலாளிகளைக் கூட்டிப் பொருளாதார ஆலோசனைக் குழு ஒன்று போட்டிருக்கிறார். இப்போதைக்கு நம்மிடம் பொருளும் இல்லை, ஆதாரமும் இல்லை, குழு இருக்கிறது. அதற்குத் தலைவர் அண்ணனின் முதலாளி.

அண்ணன் அந்தக் கம்பெனியில் செல்போன் ஆப் செய்கிறவன். அதனால் அவனை நான் ஆப்பு என்பேன். முதலாளிக்கு நான் வைத்த பெயர் மேகம். எதைக் கேட்டாலும் “அது மேகத்தில் இருக்கு” என்பாராம்.

“நாட்டுக்கே யோசனை சொல்லப் போறார், தெரியுமா?” என்றான் ஆப்பு.

“மேகம்னா மழை வரணும். வருமா?” என்றேன்.

“உன்கிட்டப் பேசினேன் பாரு.”

அம்மா சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தொண்டைக்கு வீட்டில் ஓய்வு. பகலெல்லாம் அரசு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், குறைதீர் பிரிவில் தொலைபேசி எடுக்கிறாள். ஊரில் எது கெட்டாலும் அவள் காதில்தான் முதலில் விழும்.

பிப்ரவரி 6, வெள்ளி

தண்டனையாகப் பள்ளி நூலகத்தில் உட்காரவைத்தார்கள். அங்கே தொலைபேசி இருக்கிறது. யார் தப்பு?

கிழவர் குரலில் அம்மாவின் பிரிவை அழைத்தேன்.

“அம்மா, நிலா ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. யாரும் வந்து பார்க்கல.”

நான்தான் என்று அவளுக்கு எப்போதும் தெரிந்துவிடும். ஆனால் அவர்கள் பிரிவில் ஒரு விதி: வந்த அழைப்பு எதுவானாலும் பதியாமல் வைக்கக் கூடாது. பைத்தியம் பேசினாலும் பதியணும், பாட்டுப் பாடினாலும் பதியணும்.

“எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, ஐயா?”

“இடது பக்கம்.”

“பதிவாயிடுச்சு. சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பறோம்.”

சாயங்காலம் என் காதைத் திருகினாள். அதுதான் சம்பந்தப்பட்ட துறை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேகத்தின் பொருளாதாரம் என்னவென்று ஆப்பு விளக்கினான். கம்பெனியில் ஒரு வசதி தேவையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கூட்டம் போட்டு யோசிக்க மாட்டார்களாம். இரண்டு வாரம் அணைத்துவிடுவார்களாம். யாராவது கத்தினால் திரும்பப் போடுவார்கள். யாரும் கத்தவில்லை என்றால் அழித்துவிடுவார்கள். இதற்குப் பெயரே ‘அணைத்துப் பார்’. அரசாங்கத்திலும் இதையே செய்து செலவைக் குறைக்கலாம் என்று அமைச்சரிடம் சொல்லியிருக்கிறார். அமைச்சர் எழுந்து நின்று கைகுலுக்கினாராம்.

சோதித்துப் பார்க்க வீட்டு வைஃபையை அணைத்தேன். ஆப்பு குளியலறையிலிருந்து கத்தினான்.

பிறகு ஆப்புவின் அறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். யாரும் கத்தவில்லை. (அவன் கத்தினான். ஆனால் அவன் வசதியைப் பயன்படுத்துகிறவன் இல்லை, வசதியே அவன்தான். கணக்கில் வராது.)

பிப்ரவரி 13, வெள்ளி

சந்து விளக்குகளை அணைத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற மாலைப் பேருந்தை அணைத்தார்கள். அரசு மருத்துவமனையில் மாலை நேரச் சீட்டுக் கொடுக்கிற சன்னலை அணைத்தார்கள்.

அம்மாவுக்குக் குரலே போய்விட்டது. சைகையில்தான் சாப்பிடச் சொன்னாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

மூன்றையும் திரும்பப் போட்டாகிவிட்டது. ஊர் அப்படிக் கத்தியிருக்கிறது. மேகம் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். அம்மா இருமலுக்கு நடுவே கொஞ்சம் சிரித்தாள். ஆப்பு மட்டும் கம்பெனியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

“என்னடா?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா.”

“சொல்லுடா.”

“எதை அணைச்சாலும் புகார் வருது. அப்ப பிரச்சினை புகார்லதான் இருக்குன்னு சொல்லிட்டார்.”

“யாரு?”

“முதலாளி.”

“அமைச்சர் என்ன சொன்னார்?”

ஆப்பு எழுந்து கை கழுவப் போனான். இன்னும் சாப்பிடவே இல்லை, எதற்குக் கை கழுவினான்?

பிப்ரவரி 23, திங்கள்

குறைதீர் பிரிவை அணைத்துவிட்டார்கள். இரண்டு வாரம். அம்மா வீட்டில்.

காலையில் அலாரம் அடிக்காமலே எழுந்து, தலை வாரி, பையை மாட்டி, செருப்புக்குள் காலை விட்ட பிறகுதான் நின்றாள். நான் பல் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. குறித்துவைக்கிறேன், எனக்கு இப்படி நடப்பது அபூர்வம்.

மார்ச் 2, திங்கள்

முதல் வாரம் முடிந்தது. நாட்டில் புகார்: பூஜ்யம்.

எப்படி வரும்? புகார் எடுக்கிற போனையே பிடுங்கியாகிவிட்டது!

மார்ச் 9, திங்கள்

தொலைக்காட்சியில் அமைச்சர். பக்கத்தில் மேகம், காலர் இல்லாத கறுப்புச் சட்டையில், கை கட்டி. பின்னால் ஒரு வரைபடம். பச்சைக்கோடு உயரத்திலிருந்து சறுக்கி வந்து தரையில் படுத்துவிட்டது.

“மக்கள் குறையில்லாமல் இருக்கிறார்கள்” என்றார் அமைச்சர். “வரலாற்றில் முதல் முறை.”

இந்த மாதக் கடைசியில் பிரிவை நிரந்தரமாக மூடுகிறார்களாம். குறைதீர் பிரிவில் இப்போது பிரிவையே குறைத்துத் தீர்த்துவிட்டார்கள்.

“நல்லா வரைஞ்சிருக்காங்க” என்றாள் அம்மா. “யாரு வரைஞ்சது?”

ஆப்பு தரையைப் பார்த்தான்.

“நீயாடா?”

“கொடுத்த கணக்கைத்தான் வரைஞ்சேன். கணக்கு சரியாத்தாம்மா இருக்கு.”

“நான் தப்புன்னு சொன்னேனா?”

அம்மா முட்டை பொரித்தாள். ஆப்புவுக்கு எப்போதும் இரண்டு. இன்று ஒன்று வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தான்.

“புகார் வரல” என்றாள் அம்மா என்னிடம். “அப்ப ரெண்டாவது முட்டை தேவையில்ல.”

மார்ச் 11, புதன்

இன்றும் ஒரு முட்டை. இன்றும் புகார் பூஜ்யம்.

மார்ச் 12, வியாழன்

காய்கறிக் கடையில் ஒரு பெண்மணி அம்மாவின் குரலைக் கேட்டுத் திரும்பினார். முகம் பார்த்ததில்லை, குரலை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். அம்மாவும் அவர் குரலை வைத்தே. பாலத்தம்மா! ஆற்று நடைபாலத்தில் ஒரு பலகை ஆடுகிறது என்று ஒவ்வொரு திங்களும் அழைப்பவர். தையல்காரர். துணி மூட்டையோடு தினமும் அதன் மேல்தான் நடக்கிறார்.

“ஏம்மா, உன் போன் செத்துப்போச்சா?”

“மூடிட்டாங்கம்மா.”

“அப்ப நான் யார்கிட்டச் சொல்றது?”

அம்மா தக்காளியை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தாள்.

“ஒரு பலகை ஆடினப்பச் சொன்னேன். இப்ப மூணு ஆடுது. எவனாவது உள்ள விழுந்தாத்தான் எண்ணுவாங்க போல” என்றார் பாலத்தம்மா. “உன்னைத் திட்டல தாயி. நீ எடுத்து ‘சொல்லுங்க’ன்னு கேட்டா எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும். அதைச் சொன்னேன்.”

வரும் வழியில் எனக்கு அழுகை வருகிற மாதிரி— இல்லை. வெங்காயப் பை என்னிடம் இருந்தது. அதனால்தான்.

பார்த்ததை ஆப்புவிடம் சொன்னேன். ஜோக் எதுவும் சேர்க்காமல் சொன்னேன். அதனாலேயே பயந்துவிட்டான்.

மார்ச் 13, வெள்ளி

ஆப்பு என் அறை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

“எங்க கம்பெனிக்கு யார் கூப்பிட்டாலும் மெஷின்தான் எடுக்கும். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சுத்தவிடும்.”

“தெரியும். நான் சுத்தியிருக்கேன்.”

“ஒரே ஒரு நம்பர்ல மட்டும் மனுஷன் எடுப்பார். முதலாளி மேசை. அமைச்சர் கூப்பிடறதுக்காக வச்சது.”

“அதை ஏன் என்கிட்டச் சொல்றே?”

“சும்மாதான்.” எண்ணைச் சொன்னான். இரண்டு தடவை சொன்னான். “நீ எழுதிக்கல இல்ல?”

“இல்ல.”

“நல்லது” என்று சொல்லி, கடைசி மூன்று இலக்கத்தை மறுபடியும் சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 14, சனி

ஊர் முழுக்க மஞ்சள் தகரப் பலகைகள் உண்டு: ‘குறையா? கூப்பிடுங்கள்’ என்று, கீழே அம்மா பிரிவின் எண். பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வாசல், நடைபாலம், சந்தை. பிரிவை அணைத்தவர்கள் பலகையைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூட ஸ்டிக்கர் தாள் நிறைய மிச்சமிருந்தது. மஞ்சள்கூட அதே மஞ்சள். எண்ணுக்கு மேல் எண்ணை ஒட்டிக்கொண்டே போனேன். பட்டப்பகலில், பள்ளிச் சீருடையில். ஒரு போலீஸ்காரர் நின்று பார்த்தார்.

“என்ன பாப்பா?”

“நம்பர் மாறிடுச்சு சார்.”

“அதானே பார்த்தேன், கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கறானுங்க” என்று தன் போனில் குறித்துக்கொண்டார்.

மார்ச் 17, செவ்வாய்

மேகம் இடிக்கிறது.

ஆப்பு சொன்னது: நேற்றுக் காலையிலிருந்து முதலாளி மேசைத் தொலைபேசி வைத்தால் அடிக்கிறது, எடுத்தால் பேசுகிறது. செயலாளர் மதியம் வரை எடுத்துவிட்டுத் தலைவலி என்று போய்விட்டார். மேகமே எடுக்கவேண்டியதாயிற்று. முதலில் எடுத்தது யாருடைய அழைப்பை? பாலத்தம்மாவுடையதை. நேற்று திங்கள்கிழமை இல்லையா!

“நீங்க யாருங்க?”

“நான்… நிறுவனத் தலைவர்.”

“தலைவரா? நல்லதாப் போச்சு. எழுதிக்கோங்க.”

அவரிடம் எழுத எதுவுமில்லை. எல்லாம் மேகத்தில். கடைசியில் மேசையில் கிடந்த ஒரே தாளை, பச்சைக்கோடு படுத்திருக்கிற அந்த வரைபடத்தைத் திருப்பிப் போட்டு ‘மூன்று பலகை, ஆற்றுப்பாலம்’ என்று எழுதினாராம். மூன்று தடவை “சரிங்கம்மா” என்றாராம்.

எண்ணை மாற்றவும் முடியவில்லை. அமைச்சரிடம் இருப்பது அந்த எண்தான். அமைச்சரோ நேற்று முழுக்க முயன்றிருக்கிறார். மேகத்தின் இணைப்பு வேறொருவருடன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. நாட்டின் நிதியமைச்சர் சாக்கடை அடைப்புக்கும் தெருநாய்க்கும் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறார்.

மார்ச் 20, வெள்ளி

தொலைக்காட்சியில் அமைச்சர். பக்கத்தில் மேகம். கறுப்புச் சட்டை அதேதான், கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு.

ஆலோசனைக் குழு ஆழ்ந்து யோசித்து ஒரு புதுமையான யோசனை வழங்கியிருக்கிறதாம். மக்கள் குறை சொல்ல ஒரு தொலைபேசி. எடுத்துக் கேட்க மனிதர்கள். உலகத்தில் எங்கும் இல்லாத முயற்சி.

“இதுக்கா ஆழ்ந்து யோசிச்சாங்க?” என்றேன்.

அம்மா பீரோவைத் திறந்து வேலைக்குப் போகிற புடவையை எடுத்து உதறினாள்.

மார்ச் 22, ஞாயிறு

மஞ்சள் பலகைகளில் என் ஸ்டிக்கரையெல்லாம் உரித்தேன். கைப்பட ஒட்டியதைக் கைப்பட உரிப்பது கடினம். நகம் போயிற்று.

பாலத்தில் பலகைகள் புதிது. மேலே குதித்துப் பார்த்தேன். ஆடவில்லை.

மார்ச் 23, திங்கள்

அம்மா வேலைக்குப் போனாள். அதே நாற்காலி, அதே போன், சுவரில் மட்டும் மேகத்தின் படம், ‘இந்த மையத்தின் சிந்தனையாளர்’ என்று. அம்மாவின் நாற்காலியில் அவர் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு எடுத்துக்கொண்ட படம். கருவிக்கு இணைப்பு கொடுக்கவே இல்லையாம்.

ஆப்பு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

எண்ணை வெளியே விட்டது யார் என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். இவன் கை தூக்கியிருக்கிறான். என் பெயரைச் சொல்லவே இல்லை.

“திட்டினாரா?”

“இல்ல. அவர் திட்டமாட்டார்.”

“பின்னே?”

“ரெண்டு வாரம் அணைச்சுப் பார்க்கலாம்னார். யாராவது கத்தறாங்களான்னு.”

“எதை?”

“என்னைடி.”

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். “நீ பள்ளிக்கூடம் போ” என்றான். அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வெளியே தாழ்ப்பாள் போடவில்லை. எழுதிவைக்கிறேன், போடவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா அழைத்தும் வரவில்லை. விஷயத்தை அம்மாவிடம் நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

இடைவேளையில் நூலகத்துக்குப் போய் அம்மாவின் பிரிவை அழைத்தேன். என் குரலிலேயே.

“வணக்கம். குறைதீர் பிரிவு. சொல்லுங்க.”

“நான்தான்.”

“சொல்லுங்கம்மா.”

அவள் என்னை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டு இதுவரை கேட்டதில்லை.

“எங்க அண்ணனை அணைச்சுட்டாங்க. ரெண்டு வாரத்துல யாராவது கத்தணுமாம். நான் கத்தறேன். நூலகம்ங்கறதால மெதுவாக் கத்தறேன்.”

அந்தப் பக்கம் மற்ற மேசைகளில் தொலைபேசிகள் அடிப்பது கேட்டது. பிறகு விசைகள் தட்டுகிற சத்தம்.

“குறையைச் சுருக்கமாச் சொல்லுங்க.”

“அவன் தேவை.”

தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள், இரண்டு சொல்லுக்கு.

“பதிவாயிடுச்சு. சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பறோம்” என்றாள். உடனே குரலைத் தாழ்த்தி, “வரும்போது பால் வாங்கிட்டு வாடி” என்றாள்.

இரவு ஆப்பு சாப்பிட வந்தான். சவரம் செய்யவில்லை. தட்டை முன்னால் இழுத்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டான்.

“எவனாவது கத்தினானா?”

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

“ஒரு புகார் வந்திருக்கு” என்றாள். சட்டியைத் தூக்கி வந்து அவன் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்தாள்.